“ஒன்பது வார்டுக்கும் சமமாகப் பிரித்தாகிவிட்டது” என்று சொன்னால் என்ன கேட்பது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சி, மக்கள்தொகை சுமார் 2,800. ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி உங்கள் காலனி, 60 வீடுகள். கடைசி இரண்டு தெருவுக்குக் குழாய் வரவில்லை. தெருவிளக்கில் பாதி எரிவதில்லை. போய்க் கேட்டால், “வந்த பணத்தை ஒன்பது வார்டுக்கும் சமமாகப் பிரித்தாகிவிட்டது, உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது” என்கிறார்கள். அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போய் என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு சட்டம் இல்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வார்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடச் சொல்லி எந்த விதியும் கிடையாது. கிராம சபை திட்டத்தையும் வரவு செலவையும் பார்த்து ஒப்புதல் தரவேண்டும், மன்றம் தீர்மானம் போட்டுச் செலவு செய்யவேண்டும், அவ்வளவுதான். சமப் பங்கு என்பது உறுப்பினர்களுக்குள் சண்டை வராமல் இருக்க அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று தெரியும். அதனால் யாருக்கு நட்டம் என்பதும் தெரியும்.

எதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், பணம் எந்தெந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். “ஊராட்சிக்கு இருபது லட்சம் வந்திருக்காமே” என்று டீக்கடையில் பேசுவார்கள். இருபது லட்சம் வந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பங்கு போட இருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். நம் ஊராட்சிகளில் வழக்கமாக மூன்று வங்கிக் கணக்குகள் உண்டு. முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அதில் சேரும். இரண்டாம் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டவேண்டிய தொகைக்கும் என்று ஒதுக்கி வைத்தது. மூன்றாவது திட்டப் பணிகளுக்கானது. இவை தவிர மத்திய நிதிக்குழு மானியம் தனியாக வந்து இணைய வழியிலேயே செலவாகிறது.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று நிதிக்குழு வழியாகப் பிரிந்து வருகிறது. அதில் கிராம ஊராட்சிகளின் பங்கைப் பிரிக்கும்போது, முதலில் எல்லா ஊராட்சிக்கும் ஒரே அளவில் ஒரு குறைந்தபட்சத் தொகையை வைத்துவிட்டு, மீதியை மக்கள்தொகைப்படி பிரிக்கிறார்கள். சின்ன ஊர் தலைக்கணக்கில் அடிபட்டுப் போகக்கூடாது என்பதால் அந்தக் குறைந்தபட்சத் தொகை. அரசே ஊருக்கு ஊர் பிரிக்கும்போது இப்படி யோசிக்கிறது. அதே ஊராட்சிக்குள் ஊரையும் காலனியையும் பிரிக்கும்போது அந்த யோசனை காணாமல் போகிறது. இந்தப் பணத்திலிருந்து மின் கட்டணம், தொட்டி இயக்குபவர் சம்பளம், தூய்மைப் பணி, பல்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போன பிறகு சிறிய ஊராட்சிகளில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் தலைவர் “பணமே இல்லை” என்று சொன்னால் உடனே பொய் என்று சண்டைக்குப் போகாதீர்கள். முதல் கணக்கைப் பொறுத்தவரை அது பல சமயம் உண்மை.

மத்திய நிதிக்குழு மானியத்தில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை வைத்த விதி இது: மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவு செய்யவேண்டிய பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்ற வேலைகளுக்கு, மறுபாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதம்தான் ஊராட்சி தன் தேவைக்கேற்பச் செலவு செய்யக்கூடியது, அதிலும் சம்பளம் கொடுக்க முடியாது. பத்து லட்சம் வந்தால் மூன்று லட்சம் தண்ணீருக்கு, மூன்று லட்சம் துப்புரவுக்கு, நான்கு லட்சம் மற்றதற்கு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதிக்குழு மாறும்போது விகிதமும் மாறக்கூடும் என்பதால், எந்த ஆண்டுக்குக் கேட்கிறீர்களோ அந்த ஆண்டு விகிதத்தை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் நான் வருடா வருடம் பார்த்த ஒன்று உண்டு. எல்லா உறுப்பினரும் அடித்துக்கொள்வது அந்த நாற்பது சதவீதத்துக்குத்தான். ஏனென்றால் சிமெண்ட் ரோடும் பேவர் பிளாக்கும் அதில்தான் வரும். ரோடு கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம். குடிநீருக்கு என்று கட்டி வைத்த பணத்துக்கு அவ்வளவு போட்டி இருக்காது. மார்ச் நெருங்கும்போது அதை எதில் செலவு செய்வது என்று செயலர் தலையைப் பிய்த்துக்கொள்வார். உங்கள் கடைசி இரண்டு தெருவுக்குக் குழாய் நீட்டிப்பது நேராக அந்தப் பையில் விழுகிற வேலை. ஆகவே முதல் கோரிக்கையாகக் குழாயை வையுங்கள். தெருவிளக்கைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், விளக்குக்குப் பணம் இல்லை என்ற பதிலோடு குழாயும் சேர்ந்து போய்விடும்.

சரி, சமப் பங்கில் என்ன தப்பு என்று உங்கள் வார்டு உறுப்பினரே கேட்பார். அவரிடம் கணக்காகச் சொல்லுங்கள். நான் கணக்குப் பார்த்த ஓர் ஊராட்சியில் நாலரை லட்சத்தை ஒன்பதால் வகுத்து வார்டுக்கு ஐம்பதாயிரம் என்று வைத்தார்கள். ஐம்பதாயிரத்தில் மூன்று மீட்டர் அகல சிமெண்ட் ரோடு பத்துப் பன்னிரண்டு மீட்டர் போகும். ஊரைச் சுற்றி வந்தால் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று ஒட்டுப் போட்ட மாதிரி ரோடு. எந்தத் தெருவும் முழுதாக முடியவில்லை. அடுத்த ஆண்டும் அதே மாதிரி. மூன்று ஆண்டில் பதிமூன்றரை லட்சம் செலவாகி, ஆம்புலன்ஸ் உள்ளே வரும்படி ஒரு தெருகூட இல்லை. அந்தப் பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கணக்கு சரியாக இருந்தது, அளவுப் புத்தகம் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் அந்த ஊர் வழியாகப் போகும்போது மனசு கேட்காது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை. ஊருக்குள் இருக்கிற வார்டுகளுக்கு ஏற்கெனவே ரோடு, வடிகால், தொட்டி எல்லாம் இருக்கிறது. காலனிக்கு அவற்றில் பாதி இல்லை. இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகை கொடுத்தால் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். பல ஊர்களில் நடுத்தெருவில் நல்ல ரோட்டின் மேலேயே மறுபடியும் ரோடு விழுவதும், காலனித் தெரு மண்ணாகவே கிடப்பதும் இப்படித்தான் நடக்கிறது. சமம் என்ற சொல்லைச் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேச முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி.

இந்தத் தவறை மாநில அளவிலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள், பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். 2006-07 முதல் 2010-11 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது. அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும், ஐந்து ஆண்டுகளில் பகுதி பகுதியாக, ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கினார்கள். நல்ல திட்டம்தான், பல ஊர்களில் நூலகமும் குளக்கரையும் சுடுகாட்டு வசதியும் அதில் வந்தன. ஆனால் இரண்டே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், முப்பது நாற்பது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம். நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சிகளே 35தான், ஒவ்வொன்றின் கீழும் மலைச்சரிவெங்கும் சிதறிய ஏராளமான குடியிருப்புகள். அங்கே 20 லட்சம் எந்த மூலைக்குக் காணும்? 2011-12-இல் ‘தாய்’ என்ற பெயரில் வந்த குக்கிராம மேம்பாட்டுத் திட்டம் இந்தக் குறையைப் பார்த்து, ஊராட்சியை விட்டுவிட்டுக் குக்கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. குக்கிராமம் அதிகம் உள்ள ஊராட்சிக்கு அதிகத் தொகை. ஆட்சி மாறியதால் திட்டத்தின் பெயர் மாறியது என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. பிரிக்கும் முறையில் நடந்த அந்த மாற்றம்தான் உண்மையில் பெரியது. உங்கள் ஊராட்சிக்குள்ளும் நீங்கள் கேட்கவேண்டியது அதே மாற்றத்தைத்தான்.

எப்படிப் பிரித்தால் நியாயம் என்பதற்கு நான் படித்தவற்றில் எனக்குப் பிடித்தது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம். 1989-இல் அங்கே தொழிலாளர் கட்சி நகர நிர்வாகத்துக்கு வந்ததும், நகரத்தைப் பதினாறு வட்டாரங்களாகப் பிரித்து, புது வேலைகளுக்கான பணத்தை எதில் போடுவது என்று மக்கள் கூட்டங்களில் முடிவு செய்ய விட்டார்கள். கூட்டம் நடத்தினால் மட்டும் போதாது, சத்தமாகப் பேசுகிறவர் வாங்கிப் போய்விடுவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மதிப்பெண் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்த வட்டாரத்து மக்கள் அதை எத்தனையாவது தேவையாகச் சொன்னார்கள் என்ற மூன்றுக்கும் மதிப்பெண். குறைவாக இருக்கும் இடத்துக்கு அதிக மதிப்பெண். மூன்றையும் எடை போட்டுக் கூட்டினால் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு தார் ரோடு, எவ்வளவு சாக்கடைக் குழாய் என்று வந்துவிடும். எப்படி வந்தது என்று யாரும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து மாநிலத்திலும் இதே சிக்கல் வந்தது. 1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு விட்டது. பணம் வந்ததும் அங்கேயும் வார்டு வார்டாகப் பிய்த்துக்கொள்ளும் பழக்கம் தலைகாட்டியது. இன்ன துறைக்கு இத்தனை சதவீதம், பெண்களுக்கான திட்டங்களுக்குப் பத்து சதவீதம் என்று அங்கே வரம்பு வைத்தார்கள். வீடு, கழிப்பறை போன்ற தனிநபர் உதவிகளுக்கு மதிப்பெண் பட்டியல் போட்டுக் கிராம சபையில் வாசித்தார்கள். பட்டியல் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டால் திருத்துவது கஷ்டம்.

உங்கள் ஊருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு முழுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் உள்ள குடியிருப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: ஊர், காலனி, மேலத்தெரு, இருளர் குடியிருப்பு இருந்தால் அதுவும். ஒவ்வொன்றுக்கும் நேராக வீடுகள் எத்தனை, வீட்டுக் குழாய் எத்தனை, தெருவிளக்குக் கம்பம் எத்தனை, அதில் எரிவது எத்தனை, சிமெண்ட் ரோடு எத்தனை மீட்டர், கடைசியாக அங்கே ஊராட்சிப் பணம் செலவானது எந்த ஆண்டு. நான்கு இளைஞர்கள் இரண்டு மாலை நடந்தால் இது தயார். மற்ற வார்டுகளையும் நேர்மையாக எண்ணுங்கள். ஊருக்குள்ளேயே மோசமாக இருக்கும் தெரு ஒன்று இருக்கும், அதையும் சேருங்கள். அந்தத் தெருக்காரர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவர்களுக்கும் அது கிடைக்கவேண்டியதுதான்.

கடைசியாக எப்போது செலவானது என்ற தகவலை வாங்க இரண்டு வழி உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் செலவும் இருக்கும், கடவுச்சொல் எதுவும் வேண்டாம். அதில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுத்தால் முப்பது நாளில் பதில் வரவேண்டும். “ஊழல் நடந்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “கடந்த மூன்று நிதியாண்டுகளில் செய்யப்பட்ட பணிகள், நடந்த இடம், எந்த நிதி, தொகை ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டின் நகல்” என்று கேளுங்கள். வந்த காகிதத்தை அப்படியே உங்கள் தாளில் ஏற்றுங்கள்.

அடுத்தது நேரம். இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் செய்யும் எந்த வேலையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறியிருக்கவேண்டும். அந்தத் திட்டம் அடுத்த நிதியாண்டுக்காக அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தயாராகத் தொடங்கும். நீங்கள் ஏப்ரலில் போய்க் கேட்டால் பட்டியல் மூடியிருக்கும், தலைவர் மனது வைத்தாலும் உடனே செய்ய முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15-இல் உங்கள் தாளை முதல் முறை வாசியுங்கள், அக்டோபர் 2-இல் தீர்மானமாகக் கேளுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளிலும் கிராம சபை நடக்கும், அங்கே தீர்மானம் அந்த அலுவலருக்குப் போகும்.

உங்கள் ஊராட்சி 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள பிரிவில் வருகிறது. அதற்குக் கிராம சபைக் குறைவெண் வரம்பு 100 பேர். யோசித்துப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்தால் சபை செல்லும் என்ற இடத்தில், காலனியிலிருந்து வீட்டுக்கு ஒருவராக அறுபது பேர் போனால் என்ன ஆகும்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எப்படியும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவார்கள். தண்ணீர் சுமக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து தாளை வாசிக்கட்டும். நீங்கள் வாசித்தால் “படித்த பையன் பிரச்சினை பண்ணுகிறான்” என்பார்கள், அவர் வாசித்தால் எல்லோரும் கேட்பார்கள்.

தீர்மானத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வரவேண்டும்: எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதி. “காலனிக்கு அடிப்படை வசதி செய்ய முடிவு செய்யப்பட்டது” என்று எழுதினால் அது வெறும் ஆறுதல். “காலனி 4, 5-ஆம் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு, மத்திய நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதியிலிருந்து” என்று இருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் வரை யாரும் நகராதீர்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதுவது நான் நிறையப் பார்த்த கூத்து. கிராம சபைத் தீர்மானம் போட்டதாலேயே பணம் வந்துவிடாது, ஆனால் அதை ஒதுக்கிவிட்டு வேறு வேலை செய்தால் தணிக்கையில் பதில் சொல்லவேண்டியிருக்கும். தீர்மானத்தையே எழுத மறுத்தால், அன்றைக்கே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிறகு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் அந்த ஒப்புகையோடு போங்கள்.

உங்கள் உறுப்பினர் ஒரேயடியாகச் சமப் பங்கை விடமாட்டார். அவருக்கும் வார்டில் முகம் காட்டவேண்டும். அவரிடம் சுழற்சி முறையைச் சொல்லிப் பாருங்கள். இந்த ஆண்டு முழுத் தொகையும் இரண்டு இடத்துக்கு, அடுத்த ஆண்டு வேறு இரண்டுக்கு, வரிசை உங்கள் தாளில் உள்ள குறைபாட்டின்படி. ஐந்தாண்டு வரிசையையும் ஒரே தீர்மானமாக எழுதிவிட்டால் ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போது என்று தெரியும், காத்திருப்பார்கள். வாய்ப்பேச்சாக விட்டால் இரண்டாம் ஆண்டே உடைந்துவிடும்.

நமக்கு நாமே திட்டத்தில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுமக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பள்ளிக்குச் சுற்றுச்சுவர், வகுப்பறை என்று முன்னாள் மாணவர்கள் சேர்ந்து செய்யும் இடங்களில் அருமையாக நடந்திருக்கிறது. ஆனால் குடிதண்ணீர்க் குழாய்க்காகக் கூலி வேலை செய்பவர்களிடம் வசூல் பண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஊராட்சியின் கட்டாயக் கடமை, அதற்கென்று கட்டி வைத்த பணமும் இருக்கிறது. சமுதாயக் கூடம், நூலகம் என்று பிறகு யோசிக்கும்போது இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில் இருக்கும் உங்கள் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. நகரங்களில் கிராம சபைக்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-இல் விதிகளோடு வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைகள் கூடின. கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி என்று தனியாக உண்டு. எடுத்துக்காட்டாக, பக்கத்துச் சென்னை மாநகராட்சியில் 2025-26 பட்ஜெட்டில் அதை வார்டுக்கு 60 லட்சமாக உயர்த்தினார்கள், 200 வார்டுக்கும் ஒரே தொகை. வார்டுகளுக்கு இடையில் அதை மாற்ற மக்களால் முடியாது. வார்டுக்குள் எந்தத் தெருவுக்கு என்பதைப் பகுதி சபையில் பேசலாம், அதே தாள் அங்கேயும் உதவும்.

வேலை ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் எஸ்டிமேட் போட அளவெடுக்க வருவார். பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார், செயலரிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் வேலைக்குப் போகாமல் இருங்கள். நான்காம் தெரு முனையிலிருந்து ஐந்தாம் தெருவின் கடைசி வீடு வரை அவரோடு நடந்து, டேப்பின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள். கடைசி மூன்று வீடு விட்டுப்போவது அந்த இடத்தில்தான்.